வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட்: ஆங்கில வினைச்சொல்லோடு உங்கள் அனுபவம் என்ன?

மாலை வகுப்பு டீச்சர்

எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையையும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ‘நேற்று நடந்தா போனீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால் மட்டும் ‘டிட் யூ வாக்ட்?’ என்று வரும்.

அதனால் அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதல் நாள் பலகையில் ‘வாக்’ என்ற ரெகுலர் வெர்ப்பின் (இறந்தகாலத்துக்குக் கடைசியில் இ-டி மட்டும் சேரும் வினை) நாலு உருவங்களை மட்டும் எழுதுகிறேன். வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். அவ்வளவுதான், வேறு உருவமே அதற்குக் கிடையாது. நடக்கிறேன், நடந்தாய், நடப்பான், நடந்தன என்று யோசிக்காமல் மாற்றிப் பேசுகிற நமக்கு இந்த நாலு ஒரு பாரமே இல்லை. எதிர்காலத்துக்கு நம் வினையில் ப், வ் வருகிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஓர் ஒட்டே இல்லாததால் முன்னால் ‘வில்’ வைத்துச் சொல்கிறார்கள்.

‘டிட் யூ வாக்ட்’ வருவதற்குக் காரணம் நம் பழக்கம்தான். ‘நடந்தாய்’ என்பதோடு ஆ சேர்த்தால் நமக்குக் கேள்வி தயார். இறந்தகாலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆங்கிலத்தில் அது டிட்டுக்குப் போய்விடும், வினை பழையபடி ‘வாக்’ ஆகிவிடும். இதை அம்புக்குறி போட்டுக் காட்டியபோது தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, “அப்போ டஸ் வந்தா ஸ் காணாமப் போறதும் இதேதானா டீச்சர்?” என்று கேட்டார். அதேதான்! அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்களுக்கு எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது? எழுதுங்கள்.

அம்பத்தூர் டிரெய்னர்

நல்ல இழை டீச்சர். நான் கால் சென்டரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். என் அனுபவத்தில் எழுத்தில் தப்பு வருவது குறைவு. வாயில்தான் வருகிறது. கடைசியில் இ-டி என்று எழுதியிருப்பதைப் பார்த்து ‘வாக்கெட்’, ‘ஆஸ்கெட்’ என்று படித்துவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது புரியாமல் போகிறது.

உண்மையில் அந்த ஒட்டுக்கு மூன்று ஒலி உண்டு. க், ப், ஸ், ஷ், ச் போல தொண்டை அதிராத ஒலியில் முடிந்தால் ‘பட்டு’ என்பதில் வரும் ட்: வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட். தொண்டை அதிரும் ஒலியில் முடிந்தால் ‘பாடு’ என்பதில் வரும் மெல்லிய ட: கால்ட், பிளேய்ட், ஓப்பன்ட். வினையே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால்தான் தனி அசை வரும்: வான்டட், நீடட். பயிற்சியில் எல்லாரையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்வேன். ‘ஸ்’ஸுக்கும் ‘ல்’லுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் ‘ஆஸ்க்ட்’. மூன்று மெய் வரிசையாக நிற்பதால் நம் நாக்கு நடுவில் ஓர் உயிரைத் தேடும். அதைத் தனியாகச் சொல்லிப் பழகாதீர்கள். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ட்டை அதன் தலையில் ஏற்றிவிடுங்கள்: ‘வாக்ட் அவே’ என்பதை ‘வாக் டவே’ என்று. ஆங்கிலேயர்களே ‘ஆஸ்க்ட்’டில் க்கை விழுங்கி ‘ஆஸ்ட்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் அதிகம் பயந்த இடம் இதுதான், சீக்கிரம் சரியானதும் இதுதான்.

டொரண்டோ அம்மா

டீச்சர், என்ர மகள் இங்கே பிறந்தவள். வீட்டில் தமிழ்தான் கதைப்போம். நர்சரிக்குப் போகத் தொடங்கின காலத்தில் ‘வென்ட்’ என்று சரியாகச் சொன்ன பிள்ளை, பிறகு திடீரென்று ‘கோ’, ‘ஈட்’ என்பவற்றோடும் இந்த இ-டியைச் சேர்த்து ‘கோட்’, ‘ஈட்டட்’ என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள். தமிழால் ஆங்கிலம் கெட்டுப்போகிறதோ என்று நான் பதறிவிட்டேன்.

அவளுடைய ஆசிரியைதான் ஆறுதல் சொன்னார். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகளும் இப்படித்தான் கதைப்பார்களாம். விதியைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம். ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட சோதனையைப் பற்றியும் சொன்னார். ‘ரிக்’ என்று ஒரு பொய் வினையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, இந்த மனிதர் நேற்றும் அதையே செய்தார், அப்படியென்றால் நேற்று என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார். முன்பின் கேட்டிராத சொல்லுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே ‘ரிக்ட்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ‘மாட்’ போல ட்டில் முடியும் சொற்களில்தான் நிறையப் பேர் தடுமாறினார்களாம். அம்பத்தூர் தம்பி சொன்ன அந்த மூன்றாவது ஒலி அங்கேயும் கடினம்தான் போல!

நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். அவள் ‘ஐ கோட்’ என்றால், ‘ஓ, யூ வென்ட் தேர்?’ என்று நான் திருப்பிச் சொல்வேன். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற நூலகர்

இந்த ஒட்டு எவ்வளவு பலசாலி என்பதைப் பழைய புத்தகங்களில் பார்க்கலாம். ‘ஹெல்ப்’ என்பதன் இறந்தகாலம் ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘ஹோல்பன்’ என்றே இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று அகராதியைப் புரட்டினேன்.

2007இல் நேச்சர் இதழில் இதைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்த ஒட்டை ஏற்காத ஒழுங்கற்ற வினைகள் 177ஐ எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்ததில், இன்றைக்கு 98 மட்டுமே அப்படி மிஞ்சியிருக்கின்றன. குறைவாகப் புழங்கும் வினைதான் சீக்கிரம் ஒழுங்குக்குள் வருகிறது. ‘கோ’, ‘பி’ எல்லாம் தினமும் வாயில் கிடப்பதால் தப்பித்துவிட்டன. புதிதாக வருகிறவை ஒழுங்காகவே பிறக்கின்றன: ‘கூகுள்ட்’, ‘டெக்ஸ்டட்’.

கணக்குப் பிரிவு

டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’ என்று மெயில் போட்டேன். மேனேஜர் ஹாவை எடுத்துவிட்டார். நேற்றே முடித்துவிட்டேன் என்றால் ஹாவ் வரக்கூடாதா?

மாலை வகுப்பு டீச்சர்

வரக்கூடாது தம்பி. தமிழில் ‘நேற்றே முடித்துவிட்டேன்’ சரி. நாம் அந்த ‘விட்டேன்’ தோரணைக்கு ஹாவைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஃபினிஷ்ட்’ மட்டும்தான். நேரம் சொல்லாமல் ‘வேலை முடிந்தது, ஃபைல் தயார்’ என்று தெரிவிக்க ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட் இட்’. ரெகுலர் வெர்ப்பில் இரண்டுக்கும் உருவம் ஒன்றே என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அதனால் மெயிலை அனுப்புவதற்கு முன் வாக்கியத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹாவை எடுத்துவிடுங்கள்.