ஊடகக் கற்கை: எந்தப் பாடத்தை எப்ப எடுத்தம்? எங்கட அனுபவங்கள்

நீர்வேலிப் பெடியன்:
ஏ.எல். முடிவு வந்த கையோட "அண்ணை, ஊடகக் கற்கைக்குப் போறன், எந்தப் பாடத்தை முதல் எடுக்கிறது?" எண்டு கேட்ட தம்பி தங்கச்சிமாருக்கு இது. மெதுவாக ஊறுகிற பாடங்களை முதல் வருசத்திலயே தொடங்குங்கோ. மொழி, சட்டம், புள்ளிவிபரம், இந்த மூண்டும்தான். கமராவும் எடிற்றிங்கும் பிந்தினாலும் பிடிச்சுக்கொள்ளலாம்.

நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிற். ஒரு கிரெடிற்றுக்கு விரிவுரை, வாசிப்பு, களவேலை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம் எண்டு கணக்கு. அதால மூண்டு கிரெடிற் பாடம் எண்டால் 150 மணித்தியாலத்துக்குள்ள நிக்கவேணும்.

நான் ஆய்வுச் செய்திக்குக் கிணத்துத் தண்ணியை எடுத்தன். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற தண்ணிதான் குடிக்கவும் தோட்டத்துக்கும். பசளையும் மலகூடக் குழியும் அதுக்குள்ளதான் இறங்குது. கோப்பாய்ப் பக்கம் ஒரு தோட்டக்கார ஐயா ஆய்வுகூட அறிக்கையை நீட்டி, "தம்பி, இதில நைத்திரேற்று 12 எண்டு கிடக்கு. உலக சுகாதார நிறுவனம் 50 மட்டும் பறவாயில்லை எண்டுதாம். அப்ப பேரனுக்குக் குடுக்கலாம்தானே?" எண்டு கேட்டார். அந்த 50, லீற்றருக்கு மில்லிகிராமில, முழு நைத்திரேற்றாகக் கணக்கிட்டால். அவரிட்ட இருந்த 12, நைத்திரேற்றில உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டது. அப்பிடிப் பார்த்தால் எல்லை ஏறக்குறைய 11தான். பேரன் போத்தில் பால் குடிக்கிற குழந்தை. பால்மாக் கரைக்க வேற தண்ணி எடுக்கச் சொல்லி, அறிக்கையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் காட்டச் சொன்னன். துணைப் பாடமாப் புவியியல் எடுத்திராட்டி அந்த அலகை நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டன். "ஊடகத்துக்கு ஏன் புவியியல்?" எண்டு கேக்கிற ஆக்களுக்கு இதைத்தான் சொல்லுறன்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். இதைப் பாடமாகப் படிக்கிறது வேற, அதைப் பாவிச்சு ஒரு அசைன்மென்ற் முடிக்கிறது வேற. ஒரு அரச அலுவலகத்திட்டத் தகவல் கேட்டு விண்ணப்பம் குடுத்தால் முடிவு சொல்ல அவையளுக்கு 14 வேலைநாள். அதுவே மூண்டு கிழமை. தரச் சம்மதிச்சாலும் கையில கிடைக்க இன்னும் 14 நாள் போகலாம், அதையும் நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. அதுக்கு முடிவு சொல்ல இன்னொரு மூண்டு கிழமை. அதுக்கும் மேலதான் கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதினைஞ்சு கிழமைச் செமஸ்ரரில இதை எங்க அடக்கிறது? அதால முதல் செமஸ்ரர் விடுமுறையிலயே விண்ணப்பத்தைப் போட்டுட்டு, அடுத்த செமஸ்ரரில பாடத்தைப் பதிஞ்சன். வகுப்பு தொடங்கேக்க என்ர கோப்பில பதில் இருந்தது.

வடமராட்சித் தங்கச்சி:
சட்டப் பாடத்தைப் பற்றி நானும் எழுதவேணும். எங்கட பற்சில கனபேர் அதை மூண்டாம் வருசத்துக்குத் தள்ளிச்சினம். நான் இரண்டாம் வருசமே எடுத்தன். அடுத்த விடுமுறையில ஒரு பத்திரிகையில பயிற்சிக்குப் போனன். ஊருக்குள்ள வேற ஒரு செய்திக்காக ஒரு வீட்டை போக, அந்த அம்மா கதவடியிலயே மறிச்சா. அவவின்ர பிள்ளைக்கு நடந்த கொடுமையை வேறொரு பேப்பர் முந்திப் போட்டிருந்தது. "பேர் போடேல்லை எண்டுவியள். ஊரைப் போட்டு, தேப்பன்ர தொழிலைப் போட்டு, என்ன வகுப்பு எண்டும் போட்டால் பேர் ஏன் பிள்ளை?" எண்டா.

எனக்கு வாய் திறக்க ஏலாமல் போச்சு. தண்டனைச் சட்டக்கோவை 365சீ பிரிவு இதைத்தான் தடுக்குது. பாலியல் வன்முறை போன்ற குற்றத்தில பாதிக்கப்பட்டவரின்ர பேரை மட்டுமில்லை, ஆள் ஆரெண்டு காட்டிக் குடுக்கிற எதையும் வெளியிடக் கூடாது. 1995இல சேர்த்த பிரிவு. இது தெரியாத ஒருத்தர் நீதவான் நீதிமன்றத்துக்குக் குறிப்புப் புத்தகத்தோட போகவே கூடாது எண்டு நான் நினைக்கிறன். பாடத்திட்டம் போடுற சேர்மார் இதை வாசிச்சால், பயிற்சிக்கு அனுப்ப முதல் சட்டப் பாடத்தைக் கட்டாயமாக்குங்கோ. இது என்ர மன்றாட்டம்.

கொக்குவில் அண்ணை:
மொழியைப் பற்றி மட்டும் சொல்லிட்டுப் போறன். இங்க நீதிமன்றம் தமிழில நடக்கும். ஆனால் கொழும்பில வாற தீர்ப்பு ஆங்கிலத்தில, பொலிஸ் தரப்பின்ர கதை கனக்கச் சிங்களத்தில. சுன்னாகம் கிணறுகளில எண்ணெய் கலந்த வழக்கில 2019 ஏப்ரலில உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு குடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஆங்கிலத்தில முழுசா வாசிச்சாத்தான் ஏன் அந்தத் தொகை, ஆருக்கு எண்டு விளங்கும்.

மயில்வாகனம் நிமலராஜன் பிபிசியின்ர தமிழுக்கும் சிங்களத்துக்கும் யாழ்ப்பாணத்தில இருந்து செய்தி குடுத்தவர். 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு நேரம், வீட்டிலயே கொலை செய்துபோட்டாங்கள். இங்க நடந்ததைத் தெற்கில இருக்கிற சனம் தங்கட மொழியில கேட்டது அவர் போல ஆக்களாலதான். முதல் வருசத்தில சிங்களம் எடுக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளையளுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்லாமல் விடுறதில்லை.

நீர்வேலிப் பெடியன்:
அண்ணை சொன்னது சரி. தகவல் கேக்கிற விண்ணப்பத்தைத் தமிழில எழுதலாமோ, காரணம் சொல்லவேணுமோ எண்டு உள்பெட்டியில கேட்ட தங்கச்சிக்கு: ஓம், தமிழிலயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பதிவுத் தபாலில போட்டு, பற்றுச்சீட்டைக் கோப்பில ஒட்டி வையுங்கோ. நாள் எண்ணேக்க தேவைப்படும்.