பீட்டில் எஞ்சின்: பறக்கேக்க 3ஆம் சிலிண்டர் மட்டும் ஏன் இப்பிடிச் சூடாகுது?

உப்புவெளி கராஜ் (திருகோணமலை)
வணக்கம். 31 வருஷமா பீட்டில் கார் திருத்துறன். என்ர தம்பி அவுஸ்திரேலியாவில. ஒராள் இருக்கிற சின்ன விமானம் ஒண்டைத் தானே கட்டி, 1600 பீட்டில் எஞ்சின் போட்டிருக்கிறான். சின்ன வயசில சீனக்குடாவில விமானம் இறங்கிறதை வெயிலுக்க நிண்டு பார்த்த பொடியன் அவன்.

கிளம்பி ஐஞ்சு நிமிஷம் ஏறுறதுக்குள்ள 3ஆம் சிலிண்டர் ஹெட் (சிலிண்டரை மூடுற பாகம்) 230 பாகை காட்டுது. மற்றதுகள் 190க்குள்ள. சென்சர் பிழையோ எண்டு 4ஆவதோட மாத்திப் பூட்டியும் பார்த்தான், சூடு 3லயேதான்.

காரில 3 சூடாகிற காரணம் எனக்குத் தெரியும். பழைய மொடலில ஒயில் கூலர் அதுக்கு வாற காத்தை மறைக்கும். ஆனா தம்பி கூலரை வேற இடத்துக்கு மாத்திப்போட்டான். எனக்கு எஞ்சின் தெரியும், விமானம் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, இரவில நித்திரை இல்லை.

பழைய விமான மெக்கானிக் (மட்டக்களப்பு)
அண்ணை, முதல்ல பறக்கிறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ.

நீங்கள் பார்த்த எஞ்சின் வேற வேலை செய்தது. பீட்டில் 60 கிலோமீற்றரில போக 15 குதிரைவலுவே தேவையில்லை. விமானம் ஏறேக்க முழு த்ரொட்டில், பிறகும் முக்கால்வாசி வலுவில மணிக்கணக்கா ஓடும். காரில ஃபான் காத்தைத் தள்ளிச்சுது. விமானத்தில முன்னால வாற காத்து சிலிண்டருக்கு மேல தேங்கி, அதைச் சுத்தியிருக்கிற மெல்லிய உலோகச் செதிலுகளுக்குள்ளால கீழ இறங்கவேணும். மேல அமுக்கம் கூட, கீழ குறைய, அந்த வித்தியாசம்தான் குளிராக்கிறது. காத்தை மறிச்சுத் திருப்பிவிடுற தகட்டு ஓரத்தில ஒரு விரல் இடைவெளி இருந்தாலே காத்து லேசான வழியால ஓடிப்போகும். ஏறேக்க வேகமும் குறைவு, அதால காத்தும் குறைவு.

3ஆவதின்ர எக்ஸோஸ்ட் வால்வ் (புகை வெளிய போற வால்வ்) தண்டுக்கும் அதைத் தள்ளுற றொக்கருக்கும் நடுவில உள்ள இடைவெளியையும் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கோ.

கொக்குவில் றைடர்
காபரேற்றரில பெற்றோல் விடுற மெயின் ஜெற் சின்னனோ? பெற்றோல் குறைஞ்சாலும் ஹெட் கொதிக்கும். பிளக்கின்ர நிறம் என்ன?

உப்புவெளி கராஜ்
பிளக் நாலும் ஒரே பழுப்பு நிறம், படம் அனுப்பினவன். காபரேற்றர் ஒண்டுதான், கலவை பிழையெண்டா பக்கத்தில இருக்கிற 4ஆவதும் கொதிக்கவேணும். அப்ப காத்துத்தான்.

தகட்டு இடைவெளியைத் தேடச் சொன்னன், இல்லை. பிறகுதான் யோசிச்சன், ஹெட் ரெண்டும் புதுசு. கழற்றி, செதிலுகளுக்குள்ளால டோர்ச் அடிச்சுப் பார்க்கச் சொன்னன். மற்றப் பக்கங்களில வெளிச்சம் கீறுகீறா வந்தது. 3ஆவதில எக்ஸோஸ்ட் பக்கம் இருட்டு. வார்ப்பில மிஞ்சின அலுமினியம் ரெண்டு மூண்டு செதிலை ஒட்டிப் பிடிச்சிருக்குது. இந்த ஹெட் எத்தினை காருக்குப் பூட்டியிருப்பன், ஒரு நாளும் டோர்ச் அடிச்சுப் பார்க்கேல்லை. காரில அது வருஷக்கணக்கா ஒரு தொல்லையும் தராமல் ஓடும்.

வீடியோவில நான் பார்த்துக்கொண்டிருக்க, நீளத் துளைக்கம்பியாலயும் மெல்லிய அரத்தாலயும் வழி எடுத்தான். ரெண்டு மணித்தியாலம். இப்ப வெளிச்சம் வருது.

பழைய விமான மெக்கானிக்
நல்ல வேலை. வால்வ் இடைவெளி?

உப்புவெளி கராஜ்
கழற்ற முந்தி அளந்தவன். 6 தௌ (ஒரு தௌ அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு) வைச்சது, 3ஆவதில 2 தௌ. மற்றதுகள் அப்பிடியே 6.

பழைய விமான மெக்கானிக்
அப்ப வால்வ் சூட்டில நீண்டுபோச்சு, இல்லாட்டி வால்வ் மூடேக்க குந்துற சீற் உள்ளுக்கு இறங்கிட்டுது. திரும்ப 6 வைச்சுப் பூட்டவே கூடாது. நீண்ட வால்வின்ர தலை ஒரு நாள் முறிஞ்சு பிஸ்டனுக்கு மேல விழும். வால்வை மாத்தி, சீற்றையும் பாருங்கோ.

உப்புவெளி கராஜ்
சொல்லிட்டன். காரெண்டா நானும் 6 வைச்சுப் பூட்டி அனுப்பியிருப்பன், றோட்டோரம் நிப்பாட்டலாம். புது வால்வ் ஓடர் பண்ணியாச்சு, ஹெட் அவன்ர மேசையில கிடக்குது. பூட்டினாலும் முதல் பத்து மணித்தியாலம் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் இடைவெளியை அளந்து எனக்கு எழுதி அனுப்பவேணும் எண்டு சத்தியம் வாங்கியிருக்கிறன்.