பொருள்: ‘ஆப்டுரேஷன்’ என்பதற்கு ‘அடைப்பு’ பொருந்தாது

குழுவினருக்கு வணக்கம்.

வேர்ச் சிகிச்சையில் சுத்தம் செய்த வேர்க்குழலை நிரப்பி மூடுவதுதான் ஆப்டுரேஷன். நம் பல் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘வேர்க்குழல் அடைப்பு’ என்று இட்டிருப்பதை நீக்க வேண்டும். சொத்தையைச் சுரண்டி மேலே சிமெண்ட் வைப்பதும் நம் பக்கம் பல்லடைப்புதான். எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் அப்படியே. வேருக்குள் நிரப்பியதும் ‘அடைத்தாயிற்று’ என்று சொன்னால், வேலை தீர்ந்தது என்று நோயாளி போய்விடுவார். மேலே நிலையான சிமெண்ட்டும், கடைவாய்ப்பல்லானால் உறையும் போடாமல் விட்டால் எச்சில் கசிந்து கிருமி மறுபடி இறங்கும். கடிக்கும்போது பல் பிளக்கவும் செய்யும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குழலுக்குள் கம்பிபோல் மெல்லிய அரத்தால் ராவும்போது பல்தூள் வேர்நுனியில் படிந்து இறுகினால், 0.10 மி.மீ. நுனியுள்ள 10 எண் அரமே இறங்காது. ஒவ்வொரு அரத்துக்கும் இடையே கிருமிகொல்லியான சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, சின்ன அரத்தை மறுபடி விட்டுப் பார்க்காததால் வருவது அது. உண்மையான அடைப்பு அதுதான். சீட்டில் ‘குழலில் அடைப்பு’ என்று எழுதினால், சிகிச்சை முடிந்தது என்று படிப்பதா, பாதியில் நின்றது என்று படிப்பதா?

‘செறிப்பு’ என்று வைக்கலாமா?

— மார்த்தாண்டத்திலிருந்து

அண்ணாச்சி, ‘அடைப்பு’ போகட்டும். ஆனால் ‘செறிப்பு’ சரிவராது. குமரியிலும் பாலக்காட்டிலும் றகரமும் ரகரமும் பிரிந்து ஒலிக்கும். சென்னைக்காரர் காதில் அது சீரணத்தைச் சொல்லும் ‘செரிப்பு’ என்றே விழும். தவிர, அது ஒரு படியை மட்டுமே குறிக்கிறது.

செயலைப் பாருங்கள். ராவியபின் குழல் சுவரில் படிந்த துகளைக் கரைக்க 17 விழுக்காடு இடிடிஏ கரைசல் ஒரு நிமிடம், மறுபடி ஹைப்போகுளோரைட், பிறகு காகிதக் குச்சியால் ஈரம் ஒற்றுதல். கடைசி அரம் 30 என்றால் குழலை நிரப்ப 30 எண் கட்டாபெர்ச்சா (மரப்பாலில் வந்த பொருள்) குச்சி. அது அளந்த நீளத்தில் நின்று, இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். நழுவி நுனிக்கு வெளியே போனால் முனையை அரை மில்லிமீட்டர் நறுக்க வேண்டும், இல்லையேல் அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். பசை தடவிச் செருகியபின், ஸ்ப்ரெடர் என்ற கூர்முனைக் கருவியை அளந்த நீளத்துக்கு 1–2 மி.மீ. குறைவாக இறக்கிக் குச்சியைப் பக்கவாட்டில் ஒதுக்கி, கிடைத்த இடத்தில் சிறுகுச்சிகள்.

இப்படி ஒதுக்கி இறுக்குவதற்கு ‘கெட்டித்தல்’ போதும். பாறைக்குழியில் வெடிமருந்து கெட்டிப்பது நம் ஊர்ச் சொல்தானே. ‘திணிப்பு’ என்று யாரும் எழுத வேண்டாம். அழுத்தம் மிகுந்தால் வேர் நெடுகப் பிளந்து பல்லையே எடுக்க நேரும்; செய்யக் கூடாததைப் பெயரிலேயே ஏற்றிவைக்கக் கூடாது. முழுச் செயலுக்கு ‘வேர்நிரப்பு’ என் பரிந்துரை.

கட்டாபெர்ச்சாவை ‘ரப்பர்’ ஆக்கவும் வேண்டாம். இரண்டும் மரப்பாலில் வந்த ஐசோப்ரீன் சங்கிலிகள்தான். ஆனால் அடுக்கு வேறு, அதனால் இது ரப்பர்போல் நீண்டு சுருங்காது. பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்போடும் குழம்பிப் போகும்.

— கொழிஞ்சாம்பாறையிலிருந்து

‘கெட்டித்தல்’ அருமையாக அமைந்திருக்கிறது, ஏற்கிறேன். ‘வேர்நிரப்பு’ மட்டும் இடிக்கிறது. ஈறைத் திறந்து வேரின் நுனியை வெட்டி, நுனிப் பக்கத்திலிருந்து நிரப்பும் அறுவையும் உண்டு. அதுவும் வேரை நிரப்புவதுதான். அதற்கு ‘வேர்நுனி நிரப்பு’, இதற்கு ‘வேர்க்குழல் நிரப்பு’ என்று பிரிப்போம். பல்தூள் இறுகிய கோளாறுக்கு மட்டும் ‘குழலடைப்பு’ இருக்கட்டும். மறுப்பு வராவிட்டால் இப்படியே பட்டியலைத் திருத்துகிறேன்.

— மார்த்தாண்டத்திலிருந்து