முகத்துக்குத் தேன், இருமலுக்குத் தேன்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வில்லாபுரத்திலிருந்து

முகத்தில் தேன் பூசுவதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கண்டதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு நெற்றியில் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் காய்ந்து இழுக்கும். க்ரீம் எதைப் போட்டாலும் மதுரை வெயிலுக்கு வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய் எரியும். என் சின்னம்மா சொல்லித்தான் வெறும் தேனுக்கு வந்தேன். முகத்தைக் கழுவிவிட்டுத் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே அரை டீஸ்பூன் தேனை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு தடவை போதும். கன்னம் இழுப்பது நின்றது, சோப்புப் போட்டுக் கழுவியதும் வருகிற அந்த வெள்ளைப் பொருக்கும் போய்விட்டது. நிறம் மாறவில்லை, பழைய பருத் தழும்பு மறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பாகலாம் என்று நினைத்துப் பூசுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

ஈர முகத்தில் பூசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், தண்ணீர் 20 சதவீதத்துக்குள். அதனால் பக்கத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது லேசான புளிப்புள்ள பொருள், நம் தோலும் அப்படித்தான். சாதாரண சோப்புக் கட்டி காரத்தன்மை உள்ளது, தோலின் அந்தப் புளிப்பை அழித்துவிடும், அதனால்தான் கழுவியதும் இழுக்கிறது.

இதோடு எதையாவது சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். முக்கியமாக எலுமிச்சை. தயவுசெய்து வேண்டாம். என் அக்கா மகள் சித்திரைத் திருவிழா சமயத்தில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து முகம், கழுத்து எல்லாம் பூசி, தண்ணீரில் லேசாக அலசிவிட்டு, மூன்றுமாவடியில் அழகர் எதிர்சேவை பார்க்கப் போய் நல்ல வெயிலில் நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எரிச்சல், அதற்கடுத்து கன்னத்திலும் கழுத்திலும் சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பிள்ளை, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அழுதது. தோல் டாக்டர்தான் விளக்கினார்: எலுமிச்சையில் இருக்கிற ஒரு பொருள் தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடுமாம். அந்தக் கோடுகள் மறைய மாசக்கணக்கானது. அவளுக்குத் தேனால் வந்த கேடு இல்லை இது, கூடச் சேர்த்ததால் வந்தது. பட்டைத்தூள், சமையல் சோடா கலக்கச் சொல்கிற வீடியோக்களும் இருக்கின்றன, அவற்றையும் நம்பாதீர்கள், முகத்தோலுக்கு அவை எரிச்சல்தான்.

முதல் தடவை பூசுகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தேனில் மகரந்தம் இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து

அக்கா சொன்னது சரி. ஆனால் எந்தத் தேன் என்கிற கேள்வி முதலில் இருக்கிறதே, நான் அடுக்குத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறவன், அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுத்தமான தேனை எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று இன்றைக்கும் சந்தையில் சத்தியம் செய்து விற்கிறார்கள். எங்கள் தோப்புக்கு வந்து பாருங்கள். பெட்டி நிற்கிற ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருக்கும். எறும்பு ஏறாமல் இருப்பதற்குத்தான் அந்தத் தண்ணீர். கிண்ணம் வற்றினால் எறும்பு கூட்டுக்குள்ளேயே புகுந்துவிடும், ஈ கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது இன்னொன்று. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அதே மாதிரி கரையாமல் அடியில் போய் உட்காரும். தீக்குச்சியைத் தோய்த்து உரசுவதும் அப்படித்தான், தண்ணீர் குறைந்த எந்தப் பாகிலும் எரியும்.

2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனித் தேனை வாங்கிச் சோதனை செய்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது 3 மட்டும்தான். சோதனையில் மாட்டாத மாதிரியே சர்க்கரைப் பாகு தயாரித்துக் கலக்கிறார்கள் என்று அப்போது வெளியே வந்தது. ஆய்வுக்கூடத்தையே ஏமாற்றுகிற பாகை டம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுக்குமா? எங்களை மாதிரி ஆட்களுக்கு இதில் இருக்கிற வேதனை வேறு. பாகு கலந்த தேனை விற்கிற விலைக்கு எங்களால் கொடுக்க முடியாது, கொடுக்கிற விலையைச் சொன்னால் நம்மைத்தான் திருடன் மாதிரி பார்க்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்கிற தேனீ நோய் வந்து தென்னாட்டில் அடுக்குத் தேனீக் கூட்டமெல்லாம் புழுப் பருவத்திலேயே செத்து அழிந்தது. எங்க அய்யா வெறும் பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து மீண்டு வந்த தொழில் இது.

தேன் உறைந்துவிட்டால் உடனே சர்க்கரை கலந்தது என்று திருப்பிக் கொண்டு வருகிறார்கள். நல்ல தேனும் உறையும். குளுக்கோஸ் கூடுதலாக இருக்கிற தேன் சீக்கிரம் உறையும், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர்த் தேன் அப்படி. பாட்டிலோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும், அடுப்பில் ஏற்றாதீர்கள். உறைந்த தேனை அப்படியே முகத்தில் தேய்க்கவும் கூடாது, அந்தக் குருணை தோலைக் கீறும்.

முகத்துக்கு என்றால் ஒன்றைப் பாருங்கள். அடையைப் பிழிந்து எடுத்த தேனில் மகரந்தம், மெழுகு, சில சமயம் புழுச் சாறு வரைக்கும் இருக்கும், தண்ணீரும் கூடுதல், கொஞ்ச நாளில் புளித்துப் பொங்கும். ஈக்கள் மெழுகு போட்டு மூடிய அறைகளைச் சீவிவிட்டு, சுற்றி எடுக்கிற எந்திரத்தில் எடுத்த தேன் அப்படி ஆகாது. விற்கிறவரிடம் எப்படி எடுத்தீர்கள் என்று கேளுங்கள், எடுத்தவர் என்றால் விவரமாகச் சொல்வார்.

கோரிப்பாளையத்திலிருந்து

தேன் பட்டால் முடி நரைக்கும் என்று எங்கள் ஆச்சி என்னை முகத்தில் பூசவே விடவில்லை. புருவம் வெள்ளையாகிவிடும் என்று பயம். காலேஜில் சேர்ந்ததிலிருந்து பூசுகிறேன், புருவத்திலும் பட்டிருக்கிறது, கருகருவென்றுதான் இருக்கிறது. நரை முடியின் வேரில் தொடங்குகிற விஷயம், மேலே பட்டதால் வருவதில்லை. தாடி வைத்திருக்கும் அண்ணன்மார்கள் தைரியமாகப் பூசலாம், கழுவுவதுதான் சிரமம்.

மேலூர் பக்கத்திலிருந்து

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் முகத்தைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் கைக்குழந்தையைப் பற்றி எழுத வேண்டும். இளம் தாய்மார்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பார்கள். வீட்டில் நல்ல பெயர் எடுத்த பெரியவர் ஒருவர், பெரும்பாலும் தாத்தாவோ தாய்மாமனோ, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பார். யார் சேனை வைத்தார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை வளர்ந்து பிடிவாதம் பிடித்தால் “யாருடா உனக்குச் சேனை வச்சது?” என்று கேட்காத வீடு கிடையாது. அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் தேன் மட்டும் கூடாது. ஒரு வயது முடிகிற வரை தேன் எந்த வழியிலும் உள்ளே போகக் கூடாது: சேனையாக, உரை மருந்தில் குழைத்து, நாக்கில் மாவு படிந்தால் தடவி, அழுகையை நிறுத்த ரப்பர் சூப்பானில் தோய்த்து, எதுவும் வேண்டாம்.

தேனில் சில சமயம் பொட்டுலினம் என்கிற கிருமியின் வித்து இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கிற மற்ற நல்ல கிருமிகள் அதை முளைக்க விடாது. பச்சைப் பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் வரவில்லை, வித்து முளைத்து விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் நரம்பைத் தாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகைச் சத்தம் மெலியும், இமை தொங்கும், தலை நிற்காது, உடம்பு துவண்டுவிடும். இப்படி எதைக் கண்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “எங்கள் தேன் சுத்தமான மலைத்தேன்” என்று சொல்வார்கள். வித்து இருப்பதற்கும் கலப்படத்துக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாமியார்கள் கேட்க மாட்டார்கள், நான் வெளியே போனதும் வைத்துவிடுவார்கள். அதனால் நான் சண்டை போடவில்லை. தாத்தாவையே கூப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பாலாடையில் தாயின் சீம்பாலை இரண்டு சொட்டுப் பிழிந்து கொடுத்து, நீங்களே தொட்டு வையுங்கள் என்பேன். ஒரு வீட்டில் அந்தப் பெரியவர் கை நடுங்கத் தொட்டு வைத்துவிட்டு, “தாய்ப்பாலை விட ஒசந்த சேனை ஏதும்மா” என்று தானாகவே சொன்னார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் சொல்லித்தான் காரியம் சாதித்தேன். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முடியும் வரை அது மட்டும்தான்.

திருநகரிலிருந்து

அம்மா, இதைப் படித்ததும் என் தங்கைக்கு அனுப்பிவிட்டேன், அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

என் பையனுக்கு நான்கு வயது. சளி பிடித்தால் பகலெல்லாம் விளையாடுவான், படுத்ததும் இருமல் தொடங்கிவிடும். படுக்கப் போகும் முன் ஒரு சின்ன ஸ்பூன் தேன் கொடுக்கிறேன், இரவு இருமல் நன்றாகக் குறைகிறது, அவனும் தூங்குகிறான், நாங்களும் தூங்குகிறோம். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாற்றில் கலந்தும் கொடுப்பதுண்டு. இஞ்சிச் சாறு என்றால் கொஞ்ச நேரம் தெளியவைத்து, அடியில் படிகிற வெள்ளையை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் எடுப்போம். இது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரையிலேயே சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாடிக்கைத் தேடுவதற்கு முன்னால் தேனைச் சொல்லியிருக்கிறது, அங்கேயும் ஒரு வயதுக்கு மேல்தான். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ நான் தேனை நம்பி உட்காருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் யாராக இருந்தாலும் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

செல்லூரிலிருந்து

எங்கப்பா தறி ஓட்டியவர், பத்து வருசத்துக்கு மேல் சர்க்கரை நோய். காலில் செருப்புக் கடித்த சின்னப் புண். தேன் போட்டால் ஆறும் என்று யாரோ சொல்ல, எங்களிடம் சொல்லாமல் சமையல்கட்டிலிருந்து எடுத்துப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் துணியைப் பிரித்தால் புண் முழுக்க எறும்பு. அவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் ராத்திரி முழுக்கக் கடித்ததே தெரியவில்லை. எங்க அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வேளை, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், கால் பிழைத்தது.

அங்கே டாக்டர் சொன்னது: புண்ணுக்குத் தேன் வைத்துக் கட்டுகிற சிகிச்சை உண்மையிலேயே உண்டு, ஆனால் அதற்கான தேனைக் காமா கதிர் செலுத்திக் கிருமி நீக்கித் தருகிறார்கள், நம் வீட்டுத் தேன் அப்படிப்பட்டது இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் “தேன்தானே, இயற்கைதானே” என்று காலையில் வெந்நீரில் ஊற்றிக் குடிக்கவும் வேண்டாம், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

வில்லாபுரத்திலிருந்து, மறுபடியும்

செல்லூர்த் தம்பி, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி நீங்களே அவர் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள், அவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்.

தனியாகக் கேட்ட இரண்டு பேருக்கு: மார்கழிப் பனியில் உதடு வெடித்தால் தேனைத் தடவிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, மேலே ஒரு பொட்டு நெய்யோ தேங்காய் எண்ணெயோ போடுங்கள். தேன் ஈரத்தைக் கொடுக்கும், எண்ணெய் அதைப் போகாமல் மூடும், தேனை மட்டும் போட்டால் நக்கி நக்கி இன்னும் காய்ந்துவிடும். குதிகால் வெடிப்புக்கும் இதே முறைதான், ஆனால் ரத்தம் கசிகிற ஆழமான வெடிப்பில் போடாதீர்கள். கடலைமாவு கலக்கலாமா என்றால், எண்ணெய் வழிகிற தோலுக்குக் கலக்கலாம், காய்ந்து வெடிக்கிற வரை விடாமல் கழுவிவிடுங்கள்.

உசிலம்பட்டி அண்ணே, அடுத்து எப்போது தேன் எடுப்பீர்கள்? எனக்கும் அக்காவுக்கும் ஒரு கிலோ வேண்டும்.

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து

வேப்பம்பூ முடியட்டும் அக்கா, வைகாசியில் எடுப்போம். அந்தத் தேனில் லேசாகக் கசப்பு இருக்கும், சாப்பிடப் பிடிக்குமோ என்னவோ, முகத்துக்குத் தாராளமாக ஆகும். கண்ணாடிப் பாட்டில் கொண்டு வாருங்கள், கழுவி நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் தேன் புளித்துவிடும்.