சராசரி 130, சம்பளம் 100: மனசு ஏன் 100 பக்கமே சாய்கிறது?

நோட்டுக்காரி:
தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. வருகிற வேலையை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இப்போது ஒரு இடத்தில் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வரவு நோட்டில் கடைசி 24 மாதத்தையும் கூட்டினால் 3120 வருகிறது, அதாவது சராசரி 130. "இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார் வீட்டுக்காரர்.

ஆனால் அந்த 24-ல் ஏழு மாதம் சுத்தமாக ஒன்றும் வரவில்லை. சைபர் போட மனசு வராமல் அந்த மாதங்களுக்கு ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன். இரண்டு கோடு அடுத்தடுத்து விழுந்தபோது பயந்துபோய் ஒரு வேலையைப் பாதி ரேட்டுக்கு ஒப்புக்கொண்டேன். மறுவாரமே முழு ரேட்டில் இன்னொன்று வந்தது. கையில் நேரமில்லை, போய்விட்டது. பெரிய தொகை வந்த மாதத்திலும் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூலால் கட்டியபடியேதான் இருந்தேன். (கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது.)

இது வெறும் பயந்தாங்கொள்ளித்தனமா, இல்லை இதற்குள் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

பகடைப்பித்தன்:
கணக்கேதான். 1738-லேயே கணித அறிஞர் டேனியல் பெர்னூலி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓர் ஏழையிடம் லாட்டரிச் சீட்டு இருக்கிறது. சரிபாதி வாய்ப்பில் 20,000 டுகாட் (அந்தக் கால ஐரோப்பியத் தங்க நாணயம்) விழும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. சராசரி 10,000. அதை அவன் 9,000-க்கு விற்றால் தப்பில்லை, பணக்காரன் அந்த விலைக்கு வாங்காமல் விட்டால்தான் தப்பு என்றார். வெறும் பையில் விழுகிற நூறும் நிறைந்த பையில் விழுகிற நூறும் ஒன்றல்ல. நீங்கள் கண்ணாடி வாங்காமல் விட்டதும் அடுத்த கோட்டுக்காகப் பணத்தைப் பிடித்துவைத்ததுதான். வரவே இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும் உங்களுக்கு?

நேர்ப்பேச்சு:
130 > 100. இதுக்கு இவ்வளவு நீளப் பதிவா?

நோட்டுக்காரி:
@பகடைப்பித்தன் இழுத்துப் பிடித்தால் நான்கு மாதம். @நேர்ப்பேச்சு எங்கள் வீட்டிலும் ஒருவர் இதையே சொல்கிறார் என்றுதான் முதலிலேயே எழுதினேனே.

ஆழம்பார்க்கிறவன்:
அந்த 3120-ல் பெரிய தொகைகள் யாரிடமிருந்து வந்தவை?

நோட்டுக்காரி:
இரண்டு மாதம். ஒரே கிளையண்ட். இரண்டும் சேர்த்து 1100.

ஆழம்பார்க்கிறவன்:
அப்படியென்றால் அந்த இரண்டு மாதத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மீதி 22 மாதத்துக்கு 2020. சராசரி 92 கூட இல்லை! உங்கள் 130 ஒரே ஆளின் தோளில் நிற்கிறது.

பகடையை எத்தனை முறை உருட்டினாலும் ஆறு முகம்தான், அதற்குச் சராசரி போட்டால் அர்த்தம் உண்டு. அந்தக் கிளையண்ட் அடுத்த வருடம் வேலை தருவாரா என்பதற்கு எந்த முகமும் இல்லை. பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-ல் பிரித்துக் காட்டியது இதைத்தான்: அளக்கக்கூடியது ரிஸ்க், அளக்க முடியாதது நிச்சயமின்மை. 1961-ல் இன்னொரு பொருளாதார அறிஞர் டேனியல் எல்ஸ்பர்க் இரண்டு பானைகளை வைத்து ஒரு கேள்வி கேட்டார். ஒன்றில் 50 சிவப்புப் பந்து, 50 கறுப்பு. இன்னொன்றிலும் நூறுதான், எது எத்தனை என்று தெரியாது. சிவப்பின் மேல் கட்டு என்றாலும் கறுப்பின் மேல் கட்டு என்றாலும் பெரும்பாலானவர்கள் முதல் பானைக்கே போகிறார்கள். இரண்டாவதில் சிவப்பும் குறைவு, கறுப்பும் குறைவு என்று ஒரே நேரத்தில் நம்பினால்தான் அதற்குக் கணக்கு ஒத்துவரும். ஆனாலும் போகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு விஷயம் மட்டும். சம்பளத்தைத் தெரிந்த பானை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நோட்டில் ஏழு கோடும் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே விழுந்தால் ஒரே கோடுதான், ஆனால் நீளமாக விழும்.

கதவோரம்:
எனக்கு 130-ஐயும் 100-ஐயும் விட முக்கியமாகப் படுவது, போனால் திரும்பி வர முடியுமா என்பதுதான். திரும்பப் பெற முடியாத முதலீடு என்றால், நிலவரம் புரியாத காலத்தில் நிறுவனங்கள் தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது என்று பொருளாதார அறிஞர் பென் பெர்னான்கி 1983-ல் எழுதினார். ஆனால் காத்திருக்கும் நாட்களில் புதிதாக ஏதாவது தெரியவர வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் இழுத்தடிப்பு. நானே ஒரு முறை ஒன்றரை வருடம் "யோசித்துக்கொண்டு" இருந்திருக்கிறேன். முதல் வாரத்துக்குப் பிறகு எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. நீங்கள் காத்திருந்தால் எது தெளியும்?

நோட்டுக்காரி:
அவகாசம் கேட்டேன், மூன்று வாரம் கொடுத்தார்கள். அந்தக் கிளையண்டுக்கும் எழுதியிருக்கிறேன். அடுத்த வருட வேலை உண்டா என்று பத்து நாளில் சொல்வதாகப் பதில் வந்தது. சம்பள ஒப்பந்தத்தில் வெளிவேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எடுத்தால் என் பழைய கதவு பாதியாவது திறந்திருக்கும்.

நேற்று நோட்டைத் திரும்பப் புரட்டினேன். ஏழு கோட்டில் நான்கு, நீளமான வேலை ஒன்று முடிந்த கையோடு விழுந்தவை. அதில் மூழ்கிக் கிடந்து அடுத்ததைத் தேடாமல் விட்ட மாதங்கள். @ஆழம்பார்க்கிறவன் இந்த நான்கையும் பானையில் போடுவதா, என் தலையில் போடுவதா?