நாலு பக்கம் நிரப்பினேன், எல்லாம் போச்சு

நேற்று ராத்திரி ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெட்டிக்குள்ளேயே வெளிறிப்போன எழுத்தில் என்ன கேட்கிறார்கள் என்று இருக்கும், டைப் செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். நடுவில் ஒரு போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டி எதற்கு என்றே தெரியவில்லை, ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்து மறுபடி நிரப்பினேன். கடைசியில் 'அனுப்பு' என்பதை அழுத்தினால், நேரம் முடிந்துவிட்டதாம், மறுபடி லாகின் செய்ய வேண்டுமாம். செய்தேன். எல்லாம் காலி. உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

---

எனக்கு பாஸ்வேர்டில்தான் ஆகாது. 24 எழுத்து, அதைப் பேஸ்ட் செய்யக் கூடாது என்று ஒரு தளம் தடுத்து வைத்திருக்கிறது. போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி மூன்று தடவை தப்பாகி, கணக்கே பூட்டிக்கொண்டது. கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017இலேயே பேஸ்ட் செய்ய விடுங்கள் என்று எழுதிவிட்டது, நீளமான பாஸ்வேர்டு வைக்க அதுதானே வழி!

---

நான் இந்தப் பக்கங்களைக் கட்டுகிற ஆள், அதனால் கொஞ்சம் குற்ற உணர்வோடு எழுதுகிறேன். போன வாரம் 'ரத்து' பொத்தானைத் தொடப் போனேன், அதே நொடியில் மேலே ஒரு விளம்பரம் வந்து பக்கம் முழுக்க கீழே இறங்கி, விரல் 'வாங்கு' மேல் விழுந்தது. படத்துக்கும் விளம்பரத்துக்கும் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் இது நடக்காது, இரண்டு எண் எழுதுகிற வேலை. அப்புறம் அந்த வெளிறிய எழுத்து. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது விதி. நான் சொன்னேன், "இதுதான் அழகாக இருக்கிறது" என்றார்கள். அவர்கள் பார்த்தது பெரிய திரையில், நல்ல வெளிச்சத்தில்.

---

அழகா? என் அம்மாவுக்கு அந்தச் சாம்பல் எழுத்து தெரியவே இல்லை. தளம் நம்மைப் பற்றிய தகவலைச் சேமித்து வைக்க அனுமதி கேட்கிற குக்கீ பெட்டியில் 'ஏற்கிறேன்' மட்டும் பெரிசாக, பச்சையாக இருக்கும், அதையே அழுத்திவிடுவார். 'மறுக்கிறேன்' என்று ஒன்று இருப்பதே நான் காட்டிய பிறகுதான் தெரிந்தது. இது கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே செய்வது.

---

முதலில் எழுதியவன்தான். சரி, இந்தத் தடவை எல்லாவற்றையும் நோட்பேடில் தயாராக எழுதி வைத்துக்கொண்டு போனேன். அங்கேயும் பேஸ்ட் செய்ய விடவில்லை.