மாடல் ஆண்டைத் ‘தயாரிப்பு ஆண்டு’ என்று எழுதலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

படகு எஞ்சின் சொற்பட்டியலின் வரைவைப் படித்தேன். ‘மாடல் ஆண்டு’ என்பதற்கு நேராகத் ‘தயாரிப்பு ஆண்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற சொற்களில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அவுட்போர்டு எஞ்சினைத் தமிழ்நாட்டு அரசு ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்கிறது. இலங்கைப் பத்திரிகைகள் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்கின்றன. மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங்கில் மலாய்க்காரர்களைப் பின்பற்றி ‘எஞ்சின் சங்குட்’, அதாவது மாட்டித் தொங்கும் எஞ்சின், என்கிறோம். எப்படிச் சொன்னாலும் படகின் பின்பலகையில் மாட்டப்போவது அதே சாமான்தான். ஆண்டு விஷயம் அப்படியல்ல. அங்கே சொல் பிசகினால் ரிங்கிட் கரையும்.

தொழிற்சாலையில் எஞ்சினைக் கட்டி முடித்த ஆண்டு ஒன்று. எந்த ஆண்டின் பெயரில் நிறுவனம் அதைச் சந்தைக்கு விடுகிறதோ, அது வேறு. முதல் உரிமையாளர் பணம் கட்டி எடுத்துப்போன நாள் இன்னும் வேறு. உத்தரவாதம் பெரும்பாலும் கடைசியாகச் சொன்ன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. ‘தயாரிப்பு ஆண்டு’ என்று எழுதினால் இரண்டாவது முதலாவதோடு ஒட்டிக்கொள்கிறது. படிப்பவர் மூன்றாவதை மறந்தே போகிறார்.

அமெரிக்கச் சட்டத்தில் படகுகளுக்கான மாடல் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை 31-இல் முடிகிறது. முடியும் ஆண்டுதான் அதன் பெயர். அங்கே செய்த படகின் உடலில் பன்னிரண்டு எழுத்து எண் ஒன்று பொறித்திருக்கும். அதன் கடைசி நான்கும் ‘ஜி324’ என்றிருந்தால் ‘ஜி’ செய்த மாதமான ஜூலையைக் குறிக்கும், 3 என்பது செய்த ஆண்டான 2023, 24 என்பது 2024 மாடல். இந்தப் படகுக்குத் ‘தயாரிப்பு ஆண்டு 2024’ என்று நம் பட்டியலைப் பார்த்து ஒருவர் எழுதினால் அது சுத்தப் பொய்.

இது படகுக்கு. எஞ்சின்களில் ஆளுக்கொரு முறை. ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் ஆண்டை எண்ணால் எழுதாமல் மாடல் குறியீட்டுக்குள் இரண்டு எழுத்துகளாக ஒளித்துவைத்தார்கள். ‘எஸ்’ பூஜ்யம், ‘யூ’ ஏழு. ‘எஸ்யூ’ என்றால் 2007. எவின்ரூட் உற்பத்தி 2020-இல் நின்றுபோனாலும் பழைய எஞ்சின்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. மாடல் ஆண்டையே கைவிட்டு வரிசை எண்ணை மட்டும் வைத்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு.

அண்மையில் தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 15 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சுங்கை பெர்ணம் ஆற்றில் இறால் பிடிக்கப் போகும் ஆசையில் கைமாறி வாங்கியது. ‘2024 மாடல், இன்னும் உத்தரவாதம் இருக்கிறது’ என்று விற்றவர் சொன்னாராம். பின்பலகையைக் கவ்வும் பிடியில் ஒட்டியிருந்த தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வரிசை எண்ணைப் படித்தேன். கூடவே வந்த பில்லில் இருந்த எண்ணும் அதுதான். மாடல் உண்மை. ஆனால் பில் நவம்பர் 2023-ஐக் காட்டியது. அதைவிட மோசம், முதல் உரிமையாளர் அதைத் தொழிலுக்கு வாங்கியிருந்தார். பொழுதுபோக்குக்குக் கிடைக்கும் உத்தரவாதக் காலம் தொழிலுக்குக் கிடைப்பதில்லை, அது குறைவு. முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய சர்வீஸுக்கும் சீட்டு இல்லை. விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியவில்லை. ‘2024’ என்ற ஒரே எண்ணை அவர் ஒரு பொருளில் சொன்னார், இவர் வேறு பொருளில் வாங்கினார்.

இதற்கு நேர்மாறான நட்டமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடையில் விற்காமல் கிடக்கும் முந்தைய மாடல் புது எஞ்சினை, ‘உத்தரவாதம் பாதி போயிருக்கும்’ என்று நம்மவர்கள் தொடுவதில்லை. விற்கும் நாளிலிருந்துதான் கணக்கு என்பதைத் கடை முதலாளியான தவுக்கேயிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, விலையைக் குறைத்துக் கேட்டால் அது நல்ல வியாபாரம். தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தையும் எண்ணெய்க் குழாய்களையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும்.

ஆக, சொல். ‘மாதிரி ஆண்டு’ வேண்டாம்; மாதிரி என்றால் கடைக்காரர் காட்டும் சாம்பிள் நினைவுக்கு வருகிறது. ‘வடிவ ஆண்டு’ என்றால் ஆண்டுதோறும் வடிவம் மாறுவதுபோல் ஆகிவிடும்; பல எஞ்சின்களில் ஒட்டுப்படம்கூட மாறுவதில்லை. ‘பெயராண்டு’ என்பது என் முன்மொழிவு. எந்த ஆண்டின் பெயரில் விற்கிறார்களோ அந்த ஆண்டு. அதற்குமேல் அது எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதே அதன் நல்ல குணம்.

*

மறுமொழி, ஈப்போவிலிருந்து:

அண்ணன் சொல்லும் காரணங்களை ஏற்கிறேன். ஆனால் ‘பெயராண்டு’ என்றதும் என் மாணவர்கள் பிரபவ, விபவ என்று அறுபதையும் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘பதிப்பாண்டு’ என்று வைக்கலாமே? புத்தகத்துக்கு இருப்பதுபோல எஞ்சினுக்கும் பதிப்பு. கேட்டவுடன் புரியும்.

*

டீச்சருக்கு,

பதிப்பாண்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பதிப்பு என்றால் உள்ளே ஏதோ திருத்தியிருக்கிறார்கள் என்று வாசகர் நம்புகிறார். எஞ்சின் விற்பவருக்கு அந்த நம்பிக்கையை இலவசமாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பிரபவ, விபவ நினைவுக்கு வருவது நல்லதுதான். சித்திரையில் பிறக்கும் ஆண்டு ஜனவரியோடு ஒத்துப்போவதில்லை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெயராண்டும் அப்படித்தான், நாட்காட்டியோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

பட்டியலில் இப்படி எழுதக் கேட்டுக்கொள்கிறேன்: ‘பெயராண்டு: நிறுவனம் ஒரு மாடலுக்குச் சூட்டும் ஆண்டு. செய்த ஆண்டினின்றும் விற்ற நாளினின்றும் வேறுபடலாம். உத்தரவாதக் கணக்குக்கு இதைக் கொள்ளக் கூடாது.’ கடைசி வாக்கியம் அகராதிக்குரியதல்ல என்று யாராவது வெட்ட வந்தால், மற்ற இரண்டையும் வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டுவையுங்கள்.